விட்டு விட்டு வரும் இன்டர்நெட்: குற்றவாளி யார்?

முறைக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு. ஒரு நாள் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். மறுநாள் ஒன்றும் இருக்காது. வைத்தியரிடம் போகிற நாளில் நோயாளி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இவருக்கு என்ன? நன்றாகத்தானே இருக்கிறார்!" என்பார் வைத்தியர். வீடு திரும்பியதும் மறுபடி குளிர், மறுபடி கொதிப்பு.

மலையடிவாரத்து மக்களுக்கு இந்தக் காய்ச்சலைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிமார்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இன்று அதே மலையடிவாரத்தில் வேறு ஒரு முறைக்காய்ச்சல் வந்திருக்கிறது. மனிதருக்கு அல்ல, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இன்டர்நெட் பெட்டிக்கு!

வரும், போகும். போகும், வரும். ஆள் வந்து பார்க்கும்போது நன்றாக இருக்கும். அவர் தெரு முனை தாண்டியதும் நின்றுவிடும்.

அடியோடு நின்றுபோனால் கவலை இல்லை. வேறு வழி பார்க்கலாம். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பதுதான் இந்த விட்டு விட்டு வரும் இணைப்பு.

ராசிங்காபுரத்தில் ஒரு வீடு

ராசிங்காபுரம், தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மலை அடியில் இருக்கும் ஊர். விவசாய ஊர். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்கள். விடியும் முன்பே ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா தோட்ட வேலைக்குப் போயிருக்கிறாள். மகள் பிளஸ் 2 முடித்துவிட்டாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள். எல்லாம் எழுதியாகிவிட்டது. பணம் கட்டுகிற இடம் வந்தது. பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... நின்றுவிட்டது!

வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. ரசீது வரவில்லை. மறுபடி கட்டுவதா? சும்மா இருப்பதா? கேட்க ஆள் இல்லை.

அந்தப் பணம் அம்மாவின் பல நாள் கூலி!

இணைப்பு அறுந்தது ஒரு நிமிஷம்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் எந்த நிமிஷம் என்பதுதான் கேள்வி.

ஏலக்காய் ஏலத்தையே பாருங்கள். ஒரு காலத்தில் வாய்விட்டு விலை கேட்டார்கள். 2007 முதல் நறுமணப் பொருள் வாரியம் கம்ப்யூட்டர் மூலம் ஏலம் நடத்துகிறது. போடியில் ஓர் ஏல மையம். மலைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியில் இன்னொன்று. 2021-இல் இரண்டையும் இணையத்தால் சேர்த்து, இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் ஒரே ஏலத்தில் விலை கேட்கும் ஏற்பாடும் வந்தது.

மலைக்காரர் வாழ்வே கம்பியில் ஓடுகிறது. கம்பி நிலைத்து நிற்க வேண்டாமா?

யார் மேல் பழி?

வீட்டில் இணைப்பு அறுந்தால் முதலில் பழி விழுவது பிள்ளைகள் தலையில். "நீ அந்த விளையாட்டை இறக்கினாய் அல்லவா, அதனால்தான்!"

அடுத்த பழி காற்றின் மேல். ஆடி மாதம் இந்தப் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த பழி கம்பெனி மேல். கம்பெனிக்காரரோ வீட்டுக்காரர் மேல் போடுவார். "உங்கள் பெட்டி பழசு. உங்கள் போன் சரியில்லை. உங்கள் வீட்டில் மின்சாரம் சரியில்லை."

இப்படியே பழி சுற்றிச் சுற்றி வரும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான்: பழியை நிறுத்த வேண்டும். துப்பறிய வேண்டும். துப்பறிவதில் பாதி வேலை வீட்டாருடையது. மீதி வேலை கம்பெனியுடையது. இரண்டு பேரும் தத்தம் பாதியைச் செய்வதில்லை என்பதுதான் இன்றைய வியாதி.

காலை 7 மணி மர்மம்!

பிரிட்டனில் வேல்ஸ் என்ற பகுதி உண்டு. அங்கே அபர்ஹோசன் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

தினமும் காலை 7 மணி ஆனால் போதும். ஊர் முழுவதும் இன்டர்நெட் தடுமாறும். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, 18 மாதம் இப்படி! கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தார்கள். கம்பியில் குறை இல்லை. பழைய கம்பியை எடுத்துப் புதுக் கம்பி போட்டார்கள். அப்படியும் தீரவில்லை.

கடைசியில் மின் அலைகளைக் கண்டுபிடிக்கும் கருவியோடு நிபுணர்கள் வந்தார்கள். விடியற்காலை 6 மணிக்கு மழையில் நனைந்துகொண்டே தெருத் தெருவாக நடந்தார்கள். 7 மணி அடித்தது. கருவி கூச்சல் போட்டது. ஒரு வீட்டைக் காட்டியது.

அந்த வீட்டில் இருந்தது என்ன? ஒரு பழைய டெலிவிஷன் பெட்டி!

வீட்டுக்காரர் தினமும் காலை 7 மணிக்கு அதைப் போடுவார். அது கிளப்பிய மின் இரைச்சல் ஊர் இணைப்பையே கலக்கியது. விஷயம் தெரிந்ததும் அவர் கூனிக் குறுகிப் போனார். இனி அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். 2020 செப்டம்பரில் இந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது.

அந்த ஊரில் ஓடியது செம்புக் கம்பி. அதனால் இரைச்சல் ஏறியது. இப்போது நம் ஊர்களுக்கு வருவது கண்ணாடி இழை. அதில் ஓடுவது ஒளி. டெலிவிஷன் இரைச்சல் அதில் ஏறாது. ஆனால் இந்தக் கதையிலே நமக்குப் பாடம் டெலிவிஷன் அல்ல. "7 மணி" என்பதுதான் பாடம்!

கோளாறு எப்போது வருகிறது என்று தெரிந்தது. அதனால் குற்றவாளி பிடிபட்டான். நேரம் தெரியாவிட்டால் இன்னும் கம்பி மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

வாய்க்காலைப் பிடித்து நட!

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. விவசாயி என்ன செய்வார்? கண்மாயைத் திட்டிக்கொண்டு வரப்பில் உட்காருவாரா? மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்காலைப் பிடித்து மடை வரை நடப்பார். எந்த இடம் வரை தண்ணீர் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று பார்ப்பார். உடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும்.

இன்டர்நெட்டும் அப்படித்தான். உங்கள் கைபேசிதான் வயல். சுவரில் இருக்கும் பெட்டிதான் மடை. பெட்டியிலிருந்து கைபேசிக்குக் கம்பி இல்லாமல் காற்றில் வருவது வைபை. வெளியிலிருந்து பெட்டிக்கு வருவது கண்ணாடி இழை.

ஆகவே முதல் கேள்வி: உடைப்பு பெட்டிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவை இல்லை. இணைப்பு அறுந்த அந்த நிமிஷத்தில் மூன்று காரியங்களைப் பாருங்கள்.

ஒன்று: ஒரு போனில் மட்டும் அறுந்ததா, எல்லாப் போனிலும் அறுந்ததா? ஒன்றில் மட்டும் என்றால் குற்றம் அந்தப் போனுடையது. பெட்டியைத் திட்டாதீர்கள்.

இரண்டு: பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால் வருகிறதா? வந்தால், குற்றம் வைபை அலையினுடையது. சுவரும் தூரமும் வழி மறிக்கின்றன.

மூன்று: பெட்டியின் விளக்குகள் என்ன சொல்லுகின்றன? எல்லா விளக்கும் அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தால், குற்றம் மின்சாரத்தினுடையது. 'லாஸ்' என்று பெயர் போட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை. குற்றம் இழையினுடையது.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வைபை வேண்டாம் என்று விட்டுவிட்டு, பெட்டியோடு ஒயர் போட்டு இணையுங்கள். ஒயரில் அறாமல், வைபையில் மட்டும் அறுந்தால் சந்தேகமே இல்லை. உடைப்பு வீட்டுக்குள்தான்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் 'பிங்' என்ற சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அது வேறொன்றும் இல்லை. "இருக்கிறாயா?" என்று கம்ப்யூட்டர் நொடிக்கு ஒரு தரம் கூப்பிடும். "இருக்கிறேன்" என்று பதில் வரும். ஒரு கூப்பாடு வீட்டுப் பெட்டிக்கு. இன்னொரு கூப்பாடு வெளி உலகத்துக்கு. பெட்டி பதில் சொல்லி, வெளி உலகம் பதில் சொல்லாவிட்டால் உடைப்பு வெளியே. பெட்டியே பதில் சொல்லாவிட்டால் உடைப்பு உள்ளே.

வீட்டுக்குள் இருக்கும் திருடர்கள்

பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் அலை பீரோவைத் தாண்டாது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் அலையைக் குடித்துவிடும். பழைய வீடுகளின் கனத்த கல் சுவர், தகரக் கூரை, கான்கிரீட் இவை எல்லாம் வழி மறிக்கும். பெட்டி வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும்.

அழகுக்காகப் பெட்டியைப் பூப்போட்ட துணியால் மூடி வைக்கும் வீடுகள் உண்டு. வேண்டாம், தாய்மார்களே! அது இரவும் பகலும் வேலை செய்கிற பெட்டி. சூடு வெளியே போக வேண்டும். போகாவிட்டால் தடுமாறும்.

வைபை பேசுவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. முதலாவது தூரம் போகும்; ஆனால் சந்தைக் கடை மாதிரி நெரிசல். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் புழங்கும். இரண்டாவது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். ஆகவே பக்கத்து அறைக்கு 5, தூரத்து அறைக்கு 2.4.

மைக்ரோவேவ் அடுப்பு என்றதும் சிரிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் விண்வெளியை ஆராயும் பெரிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1998 முதல் அதில் இனம் தெரியாத ஒரு அலை அவ்வப்போது தலைகாட்டியது. விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2015-இல் உண்மை தெரிந்தது. அடுப்பு நிற்கும் முன்பே யாரோ பொறுமை இல்லாமல் கதவைத் திறந்ததால் வந்த அலை அது! விஞ்ஞானிகளையே 17 வருஷம் ஏமாற்றியது சமையல் அறை.

அடுத்த திருடன் மின்சாரம். தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் சரியும். மின்விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், நமக்குத் தெரியாது. ஆனால் பெட்டி அணைந்து எரியும். முழுதும் எழுந்து நிற்க ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். வீட்டாருக்கு அது "இன்டர்நெட் போய்விட்டது". ஆடுகிற பிளக், பழசாய்ப்போன அடாப்டர் இவையும் இதே வேலையைச் செய்யும். பெட்டிக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

வெளியே இருக்கும் திருடன்

கண்ணாடி இழை தலைமுடி கனம்தான். அதை மடக்கினால் உடையாமலே ஒளி கசிந்துவிடும். ஆணியில் சுருட்டி மாட்டியிருக்கும் இழை, ஜன்னல் கதவு நசுக்கும் இழை, மரக்கிளை உரசும் இழை இவை எல்லாம் இப்படித்தான். காற்று அடிக்கும்போது அறும், ஓய்ந்தால் வரும். காசியில் கங்கைக்கரையில் போட்ட இழைகளைக் குரங்குகள் கடித்துத் தின்றதாக 2015-இல் செய்தி வந்தது. மலையடிவாரத்தில் நாமும் குரங்கை மறக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. இழையை நீங்களே கழற்றாதீர்கள். அதன் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கக் கூடியது.

கம்பெனி ஆள் வந்தால், ஒளியின் அளவைக் கருவியில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 என்பது போல எண் வரும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் பல பெட்டிகள் தடுமாறும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"அணைத்துப் போடுங்கள்!"

இனி கம்பெனிகளின் பாதிக்கு வருகிறேன்.

புகார் சொன்னால் முதலில் வரும் பதில், "பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்பதுதான். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். உடனே, "புகார் தீர்ந்தது" என்று எழுதிக்கொள்வார்கள்.

இது காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துச் சூட்டைத் தணிப்பது மாதிரி. வியாதி உள்ளேதான் இருக்கிறது. அதோடு, சிவப்பு விளக்கு எரிந்ததா, எந்த விளக்கு அணைந்தது என்ற சாட்சியமும் அழிந்துவிட்டது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மின்சாரம் போய் அணையும்போது, பல பெட்டிகள் கம்பெனிக்குக் கடைசியாக ஒரு சேதி அனுப்பிவிட்டுத்தான் சாகும். அந்தத் தொழிலில் அதற்குக் கடைசி மூச்சு என்றே பெயர். அந்த மூச்சு வந்திருந்தால் குற்றம் வீட்டு மின்சாரத்தில். மூச்சே இல்லாமல் ஒளி நின்றிருந்தால் குற்றம் இழையில். எந்த நாள், எந்த நேரம், எத்தனை தரம் என்று கம்பெனியின் கருவிகளிலே பதிவு இருக்கும்.

பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கள் போன் சரியில்லை" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது என்ன நியாயம்?

கம்பெனி ஆள் மேலும் எனக்கு இரக்கம் உண்டு. ஒரே ஆள் பல ஊர்களுக்கு ஓடுகிறார். காற்றில் கம்பம் ஏறுகிறார். அவர் வரும் நேரம் பார்த்து இணைப்பு நன்றாக இருந்தால் அவர்தான் என்ன செய்வார்? குற்றம் அவருடையது அல்ல. புகாரை எண்ணுகிற முறையின் குற்றம்.

செய்ய வேண்டியது என்ன?

விட்டு விட்டு அறும் இணைப்பைத் தனி வகைப் புகாராக எழுத வேண்டும். ஆள் வந்து போன அன்றே அதைத் தீர்ந்ததாக மூடக் கூடாது. ஏழு நாள் அறாமல் ஓடிய பிறகு, வீட்டாரைக் கேட்டு மூட வேண்டும். பெட்டியின் அறுந்த கணக்கை, கேட்ட வாடிக்கையாளருக்குத் தமிழில் கொடுக்க வேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது என்று வேலை எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். மலைக்கு அப்பால் கேரளம், 2023 ஜூன் மாதம் கே-போன் என்ற சொந்த வலையமைப்பைத் தொடங்கியது. அதுவும் நல்ல காரியம். ஆனால், "இத்தனை ஊருக்கு இழை போட்டோம்" என்ற கணக்கு மட்டும் போதாது. "இத்தனை மணி நேரம் அறாமல் ஓடியது" என்ற கணக்கும் ஊர் ஊராக வெளிவர வேண்டும். குழாய் போட்ட கணக்கு வேறு. தண்ணீர் வந்த கணக்கு வேறு அல்லவா?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். ஒரு பென்சிலும் கட்டுங்கள்.

இணைப்பு அறும்போதெல்லாம் நான்கு விஷயங்களை எழுதுங்கள். தேதி. நேரம். எந்த விளக்கு எப்படி எரிந்தது. அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, வெளியே காற்றா, மழையா.

எதையாவது மாற்றிப் பார்ப்பதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்று பெட்டியின் இடம். இரண்டு நாள் பார்த்துவிட்டு அடாப்டர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் தீர்ந்தது என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி திண்டாட்டம்.

பத்து நாள் எழுதினால் போதும். மாலை 6 மணிக்கு மேல் வந்தால் ஒரு காரணம். காற்றோடு வந்தால் ஒரு காரணம். மோட்டார் ஓடும்போது வந்தால் ஒரு காரணம். காகிதமே காட்டிக் கொடுக்கும்.

குற்றம் வெளியே என்று தெரிந்தால் கம்பெனிக்குப் புகார் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் தர வேண்டும் என்பது டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் போட்ட விதி. தீர்வு திருப்தி இல்லை என்றால், 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்து அதோடு அனுப்புங்கள்.

"அடிக்கடி போகிறது, ஐயா" என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். "இந்த மாதம் 4-ஆம் தேதி மாலை 6-10, 5-ஆம் தேதி மாலை 6-15, 7-ஆம் தேதி மாலை 6-05. மூன்று தடவையும் சிவப்பு விளக்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்!